என்ஜின்எக்ஸ் வொர்க்கர் நாளுக்கு இரண்டு மூன்று முறை விழுகிறது: நினைவகச் சிதைவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அல்சூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் வலை சர்வர்களைப் பராமரிக்கும் சிறு குழுவில் வேலை செய்கிறேன். எங்களிடம் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள் ஓடும் இயந்திரங்கள் மூன்று உள்ளன. மூன்றிலும் நிறுவனத்திலேயே சி மொழியில் எழுதிய ஒரு மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறது. கைபேசிச் செயலி அனுப்பும் டோக்கனை (பயனரை அடையாளம் காட்டும் எழுத்துச் சரத்தை) எடுத்துச் சரிபார்ப்பதும், கோரிக்கை முடியும்போது தணிக்கைக்காக ஒரு பழைய சி நூலகத்தை அழைத்து அந்த டோக்கனைப் பற்றி ஒரு வரி எழுதி வைப்பதும் அதன் வேலை. மாட்யூலை எழுதியவர் வேலை மாறிச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

மூன்று வாரங்களாக, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை ஏதாவது ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளைக் கையாளும் என்ஜின்எக்ஸ் செயல்முறை) விழுகிறது. பிழைப் பதிவில் பெரும்பாலும் சிக்னல் 11 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது) என்றும், எப்போதாவது சிக்னல் 4 (செல்லாத கட்டளை) என்றும் காணப்படுகிறது. வொர்க்கர்களை மேற்பார்க்கும் மாஸ்டர் உடனே புதிய வொர்க்கரை எழுப்பிவிடுவதால் சேவை நிற்பதில்லை என்றாலும், விழுந்தது கையில் வைத்திருந்த இணைப்புகள் அனைத்தும் ஒரே நொடியில் அறுபடுகின்றன. வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து உடனே தொலைபேசி வருகிறது.

மூன்று வாரங்களுக்கு முன் நாங்கள் செய்த ஒரே மாற்றம், மாட்யூலில் ஒரு பதிவு வரியைச் சேர்த்ததுதான். அந்த வரியை நீக்கிக் கம்பைல் செய்தால் வொர்க்கர் விழுவதில்லை; திரும்பச் சேர்த்தால் விழுகிறது. ஆனால் அந்த வரியை நான்கு பேர் படித்துப் பார்த்துவிட்டோம், அதில் குற்றம் எதுவும் இல்லை. மேலாளரோ, வரியை எடுத்துவிட்டு டிக்கெட்டை மூடச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்வீர்களா?

மடிவாளாக்காரன்

நண்பரே, முதலில் இயந்திரத்தின் ராமைச் சோதித்தீர்களா? எங்கள் பழைய அலுவலகத்தில் இதே போல ஒரு மாதம் நிரலைக் குடைந்து பார்த்தோம்; கடைசியில் நினைவகப் பட்டையில் ஒன்று கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

பழைய சி ஆசாமி

தம்பி அல்சூர்வாசி, உங்கள் மனம் ஒப்பாததுதான் சரி. டிக்கெட்டை மூட வேண்டாம்.

ராம் என்று நான் நினைக்கவில்லை. வன்பொருள் கோளாறு ஏதாவது ஓர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உங்களுக்கோ மூன்றிலும் விழுகிறது. அதோடு ஒரு வரியைச் சேர்த்தால் வருகிறது, எடுத்தால் போகிறது. நிரலின் முகவரி அமைப்பைப் பொறுத்து வெளிப்படும் பிழையின் குணம் இது. அந்த வரி குற்றவாளி அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்ததால் அதற்குப் பின்னால் இருந்த ஃபங்ஷன்கள் சில பைட்டுகள் நகர்ந்திருக்கும். அதுவரை யாருக்கும் வலிக்காத இடத்தில் விழுந்துகொண்டிருந்த அடி, இப்போது வலிக்கும் இடத்தில் விழுகிறது.

முதல் வேலை கோர் கோப்பை, அதாவது விழும் நொடியில் வொர்க்கரின் நினைவகத்தில் இருந்ததன் பிரதியைப் பிடிப்பது. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் வொர்க்கரின் கோர் அளவு வரம்பை உயர்த்துங்கள். வொர்க்கர் ஓடும் பயனருக்கு எழுதும் உரிமை உள்ள ஒரு கோப்புறையை வேலைக் கோப்புறையாகக் கொடுங்கள். பலர் இந்த உரிமையைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கோர் வரவில்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்திருப்பார்கள், நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிழைப் பதிவில் சிக்னல் எண்ணுக்குப் பக்கத்தில் கோர் எழுதப்பட்டதாகக் குறிப்பு வந்தால் போதும். ஓர் எச்சரிக்கை: அந்தக் கோப்பில் பயனர்களின் டோக்கன்களும், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் தனிச்சாவியும்கூட இருக்கும். அதை மின்னஞ்சலில் சுற்ற விடாதீர்கள், இந்த இழையிலும் ஒட்டாதீர்கள்.

அல்சூர்வாசி

நன்றி ஐயா. கோர் வருகிறது, இரண்டு நாட்களில் ஐந்து கிடைத்தன. ஆனால் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) ஐந்திலும் ஐந்து விதமாக இருக்கிறது. ஒன்றில் ஜிசிப் சுருக்கும் இடம், ஒன்றில் சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சியின் உள்ளே எங்கோ, மற்ற மூன்றில் வெறும் கேள்விக்குறிகள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. அதோடு, விழுந்த நேரத்துக்கு உரிய அணுகல் பதிவைத் தேடினேன். அந்தக் கோரிக்கை பதிவிலேயே இல்லை.

பெல்லந்தூர் வாசகி

கோரிக்கை பதிவில் இல்லாததற்குக் காரணம் எளியது. அணுகல் பதிவுக்கு பஃபர் வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் வரிகள் வொர்க்கரின் நினைவகத்தில் சேர்ந்து, நிரம்பிய பிறகே கோப்புக்குப் போகும். வொர்க்கர் இறந்தால் கடைசியாகச் சேர்ந்த வரிகள் அதனுடனேயே போய்விடும். உங்களுக்கு மிகவும் வேண்டிய வரி எப்போதும் அதில்தான் இருக்கும். இந்த வேட்டை முடியும்வரை பஃபரை எடுத்துவிடுங்கள்.

ட்ரேஸ் ஐந்து விதமாக இருப்பதும் ஒரு தகவல்தான். ஜிடிபி தானாகக் கட்டித்தரும் ட்ரேஸை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஸ்டாக் பாயிண்டர் நிற்கும் இடத்திலிருந்து அறுபது எழுபது சொற்களை (8 பைட் துண்டுகளை) முகவரி வடிவில் அச்சிடச் சொல்லுங்கள். எந்தெந்த எண்கள் ஏதாவதொரு ஃபங்ஷனின் உள்ளே விழுகின்றனவோ அவற்றின் பெயரை ஜிடிபியே பக்கத்தில் காட்டும். ஐந்து கோர்களிலும் பொதுவாக வரும் பெயர் எது என்று பாருங்கள். உடைந்த ஸ்டாக்கிலும் பழைய திரும்பும் முகவரிகள் அழியாமல் கிடக்கும்.

துருப்பிடித்தவன்

என் பெயரைப் பார்த்ததுமே நான் என்ன சொல்லப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் தொடர்பானவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இலும், குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தின் குழு 2020இலும் சொல்லிவிட்டன. அந்த மாட்யூலை, நினைவகப் பிழைகளைத் தடுக்கும் மொழியான ரஸ்ட்டில் (ரஸ்ட் என்றால் துரு) எழுதியிருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது.

பழைய சி ஆசாமி

புள்ளிவிவரத்தை மறுக்கவில்லை. ஆனால் இன்று இரவு எட்டு மணிக்கு வொர்க்கர் விழப்போகும் ஒருவரிடம் வீட்டை இடித்துக் கட்டச் சொல்வதில் பயனில்லை. அதற்கும் மேலே ஒன்று: எது கெட்டது என்று அறியாமல் திரும்ப எழுதினால், என்ஜின்எக்ஸின் சி இடைமுகத்தைத் தொடும் இடங்களில் பாதுகாப்பற்ற பகுதியாகவே எழுத வேண்டியிருக்கும்; அதே தவறு அங்கே போய்க் குடியேறும். முதலில் கண்டுபிடிப்போம்.

அல்சூர்வாசி

அக்கா சொன்னபடி செய்தேன். ஐந்திலும் ஒரே பெயர் இருக்கிறது: நினைவகக் குளத்தை அழிக்கும் என்ஜின்எக்ஸ் ஃபங்ஷன். அதாவது கோரிக்கை முடிந்து, அதற்காக எடுத்த நினைவகத்தை மொத்தமாகத் திருப்பித் தரும் நேரம்.

பழைய சி ஆசாமி

இனி விரைவாகப் போகலாம். குளம் அழியும் முன், அதில் பதிவு செய்துள்ள துப்புரவுப் பணிகளை என்ஜின்எக்ஸ் ஒவ்வொன்றாக அழைக்கும். ஒவ்வொரு பணிக்கும் 24 பைட்டில் ஒரு சிறு கட்டமைப்பு உண்டு: முதல் 8 பைட் அழைக்க வேண்டிய ஃபங்ஷனின் முகவரி, அடுத்த 8 தரவு, அதற்கடுத்த 8 அடுத்த பணியின் முகவரி. உங்கள் மாட்யூல் ஏதாவது துப்புரவுப் பணியைப் பதிவு செய்கிறதா? செய்தால், அந்த 24 பைட்டையும் ஐந்து கோர்களிலும் அச்சிட்டு, முதல் சொல்லின் கடைசி இரண்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கங்களைச் சொல்லுங்கள். முழு முகவரி வேண்டாம். மாட்யூல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏற்றப்பட்டாலும் பக்க எல்லையில்தான் ஏற்றப்படும். ஆகவே கடைசி மூன்று இலக்கங்கள் ஒரு பில்டுக்கு (ஒரு முறை கம்பைல் செய்து கிடைத்த நிரலுக்கு) மாறாமல் இருக்க வேண்டும்.

அல்சூர்வாசி

பதிவு செய்கிறது. எங்கள் துப்புரவு ஃபங்ஷனின் முகவரி இந்த பில்டில் 70 என்று முடிய வேண்டும். ஐந்து கோர்களிலும் 00 என்று முடிகிறது. மற்ற இலக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

இதை எழுதும்போது கை சற்று நடுங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவு வரியை எடுத்த பழைய பில்டையும் பார்த்தேன். அதில் அதே ஃபங்ஷனின் முகவரி இயல்பாகவே 00 என்றுதான் முடிகிறது.

பெல்லந்தூர் வாசகி

அப்படியானால் உங்கள் பதிவு வரி, கம்பைல் ஆனபின், அந்த ஃபங்ஷனைச் சரியாக 112 பைட் கீழே தள்ளியிருக்கிறது. ஹெக்ஸில் 70 என்பது 112தான். யாரோ அந்த முகவரியின் கடைசி பைட்டில் பூஜ்ஜியத்தை எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டுகளாகப் பூஜ்ஜியத்தின் மேல் பூஜ்ஜியத்தை எழுதிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது 70இன் மேல் எழுதுவதால், என்ஜின்எக்ஸ் பழைய பில்டில் ஃபங்ஷன் இருந்த அதே இடத்துக்குத் தாவுகிறது. ஆனால் அங்கே இப்போது இருப்பது முந்தைய ஃபங்ஷனின் நடுப்பகுதி. தான் எடுக்காத ஸ்டாக் இடத்தை விடுவித்து, அங்கே கிடந்த ஏதோ ஓர் எண்ணைத் திரும்பும் முகவரியாக எடுத்துக்கொண்டு கண்காணாத இடத்துக்கு ஓடியிருக்கும். சிக்னல் 11, சிக்னல் 4 என இரண்டும் வருவதற்கும், ஐந்து ட்ரேஸ்கள் ஐந்து விதமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

மடிவாளாக்காரர் கவனிக்க: ராம் கெட்டால் ஒரு பிட் புரளும். 70 என்பது 00 ஆக வேண்டுமானால் ஒரே பைட்டில் மூன்று பிட்டுகள், ஐந்து முறையும், மூன்று இயந்திரங்களிலும் சேர்ந்து புரள வேண்டும்.

மடிவாளாக்காரன்

ஒப்புக்கொண்டேன். ராமைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி: இதை, நினைவக மீறல்களைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டுக் கம்பைல் செய்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்காதா?

அல்சூர்வாசி

அதைத்தான் முதலில் செய்தோம், சொல்ல மறந்துவிட்டேன். ஸ்டேஜிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் சூழலில்) என்ஜின்எக்ஸையும் மாட்யூலையும் சானிடைசருடன் கம்பைல் செய்து ஒரு வாரம் ஓட்டினோம். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அதனால்தான் நினைவகப் பிழை அல்ல என்று குழுவில் சிலர் முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

பழைய சி ஆசாமி

இந்த இடத்தில் சற்று நின்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார அமைதிதான் உங்களை மிக அதிகமாக ஏமாற்றியிருக்கிறது.

அட்ரஸ் சானிடைசர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நிரலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட் வைத்துக்கொள்கிறது. அந்த 8இல் முதல் எத்தனை பைட்டுகளைத் தொடலாம் என்பது நிழலில் எழுதியிருக்கும். நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷன் மூலம் கேட்கும் ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் தொடக்கூடாத வேலி போடுகிறது. 2012இல் வெளிவந்த அதன் ஆய்வுக் கட்டுரையில் சராசரியாக 73 விழுக்காடு வேகக் குறைவு என்று அளந்திருந்தார்கள்; இதே வேலை செய்யும் பழைய கருவியான வால்கிரைண்ட் 20, 30 மடங்கு வேகத்தைக் குறைப்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் இரண்டுக்கும் ஒரே குருட்டுப் புள்ளி உண்டு. வேலி மாலாக் கொடுத்த துண்டைச் சுற்றித்தான் இருக்கும். என்ஜின்எக்ஸ் கோரிக்கைக்கு ஒரு 4 கிலோபைட் குளத்தை மாலாக்கிடம் ஒரே துண்டாக வாங்கி, அதற்குள் தானே சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறது. சானிடைசரின் கண்ணுக்கு அந்த 4 கிலோபைட்டும் ஒரே சட்டபூர்வமான நிலம். உள்ளே ஒருவர் வரப்பை மீறி அடுத்தவர் பாத்தியில் மண்வெட்டி போட்டால் அதற்குத் தெரியாது. மற்றொரு வலை சர்வரான அப்பாச்சியும் இதே வகையான குளங்களை வைத்திருக்கிறது. அதற்கும் இதே பேச்சு பொருந்தும். 2014இல் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோதும், அந்த நூலகம் விடுவித்த துண்டுகளைத் தானே பட்டியலிட்டு மறுபடி பயன்படுத்தியதால், இயக்கமுறைமையின் மாலாக்கில் இருந்த தற்காப்புகள் பயனற்றுப் போயின என்ற குற்றச்சாட்டு எழுந்தது நினைவிருக்கலாம்.

என்ஜின்எக்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. குள ஒதுக்கீட்டுக்கான டீபக் மேக்ரோவை 1 என்று வரையறுத்துக் கம்பைல் செய்தால், சிறு துண்டுகளும் குளத்திலிருந்து வெட்டப்படாமல் ஒவ்வொன்றும் தனித்தனி மாலாக்காகப் போகும். அப்போது ஒவ்வொரு பாத்திக்கும் வேலி வந்துவிடும். அந்த மேக்ரோவையும் சானிடைசரையும் சேர்த்து, கசிவுச் சோதனையை அணைத்து (இல்லாவிட்டால் வெளியேறும்போது தேவையற்ற கூச்சல் வரும்), அறிக்கைக்கு வொர்க்கரால் எழுத முடிகிற ஒரு பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். வழக்கமான ஒரே ஒரு கோரிக்கை போதும் என்று நினைக்கிறேன்.

பெல்லந்தூர் வாசகி

ஐயாவின் யோசனைக்கு மாற்றாக ஆர்ஆர் கருவியையும் சொல்லலாம். ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, விழுந்த இடத்திலிருந்து அந்த முகவரிக்குக் கண்காணிப்பு வைத்துப் பின்னோக்கி ஓடவிட்டால், பூஜ்ஜியத்தை எழுதிய வரியிலேயே போய் நிற்கும். எனக்கு அதைவிடப் பிடித்த கருவி இல்லை. ஆனால் அது செயலியின் வன்பொருள் எண்ணிகளை நம்பியிருப்பதால் பல மேக மெய்நிகர் இயந்திரங்களில் ஓடாது. ஓடினாலும் எல்லாவற்றையும் செயலியின் ஒரே கருவில்தான் ஓட்டும். பிழையை விரும்பியபோது வரவழைக்க முடிந்தால் மட்டுமே அது கைகொடுக்கும். உங்களிடம் இன்னும் அந்தக் கோரிக்கை இல்லை.

அல்சூர்வாசி

கிடைத்துவிட்டது. நேற்று மாலை பெய்த மழையில் சில்க் போர்டு பக்கம் போக வழியின்றி அலுவலகத்திலேயே இருந்ததில் இந்த நன்மை.

மேக்ரோவையும் சானிடைசரையும் சேர்த்துக் கம்பைல் செய்த என்ஜின்எக்ஸுக்கு என் கைபேசியிலிருந்து அனுப்பிய முதல் கோரிக்கையிலேயே அறிக்கை வந்தது. 43 பைட் பகுதிக்கு வலப்புறம் 0 பைட் தள்ளி 1 பைட் எழுதப்பட்டதாம். எழுதிய இடம், தணிக்கை நூலகத்தை அழைப்பதற்கு முந்தைய வரி. என்ஜின்எக்ஸின் சரங்கள் நீளத்துடன் வருபவை, இறுதியில் பூஜ்ஜியம் இருக்காது. பழைய நூலகமோ இறுதியில் பூஜ்ஜியத்தை எதிர்பார்க்கிறது. அதனால் மாட்யூலை எழுதியவர் டோக்கனின் நீளத்துக்குச் சரியாக இடம் எடுத்துப் பிரதி செய்து, பின்னால் நூலகத்தை அழைக்கும் சமயத்தில் நீளத்துக்கு அடுத்த பைட்டில் பூஜ்ஜியத்தை வைக்கிறார். அந்த ஒரு பைட்டுக்கு இடம் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. என் கோரிக்கையில் முதல் முறையே பிழை என்றால், ஒவ்வொரு கோரிக்கையிலும் பிழைதானே? லட்சக்கணக்கான கோரிக்கைகளில் இரண்டோ மூன்றோ மட்டும் ஏன் விழுகின்றன?

பழைய சி ஆசாமி

விழுந்த கோரிக்கைகளின் டோக்கன் நீளம் என்ன? பஃபரை எடுத்துவிட்டதால் இப்போது பதிவில் இருக்கும்.

அல்சூர்வாசி

எல்லாவற்றிலும் 64. வழக்கமானவை 43. செயலிக் குழுவிடம் கேட்டேன்: டோக்கன் என்பது 32 பைட். புதிய செயலி அதை பேஸ்64 முறையில் 43 எழுத்துகளாக அனுப்புகிறது. பழைய பதிப்புகள் ஹெக்ஸில் 64 எழுத்துகளாக அனுப்பின. அந்தப் பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

பழைய சி ஆசாமி

அவ்வளவுதான், தம்பி. டோக்கனுக்கு முன்னால் மாட்யூலின் சொந்தக் கட்டமைப்பு ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே டோக்கன் 8இன் மடங்கான முகவரியில் தொடங்கும். அதற்குப் பின்னால் துப்புரவுக் கட்டமைப்பு வருகிறது. அதுவும் 8இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். 43 எழுத்து டோக்கன் முடிந்தபின் 48ஆம் பைட் வரை 5 பைட் வெறுமையாகக் கிடக்கிறது. கூடுதல் பூஜ்ஜியம் அந்த இடைவெளியில் விழுந்து யாரையும் தொடாமல் போகும். 64 என்பது 8இன் மடங்கு, இடைவெளி இல்லை. பூஜ்ஜியம் நேரே பக்கத்து வீட்டுக்குள் விழுகிறது. இன்டெல் வகைச் செயலிகளில் எண்ணின் கடைசிப் பைட்தான் முதலில் வைக்கப்படும் என்பதால் அது முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்களைத் துடைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடம் எடுத்த கையோடு பூஜ்ஜியத்தை எழுதியிருந்தால், பின்னால் வந்த துப்புரவுக் கட்டமைப்பு அதன் மேலேயே தன் முகவரியை எழுதியிருக்கும். பிழை இருந்தும் பத்து ஆண்டுகள் தெரிந்திருக்காது. எடுத்தது ஒரு நேரம், எழுதியது பக்கத்து வீட்டார் குடிவந்த பிறகு. வேலிபோட்ட பில்டில் மட்டும் 43ஆனாலும் 64ஆனாலும் முதல் கோரிக்கையிலேயே பிடிபடும். நிழல் பைட் அந்த 5 பைட் வெறுமையையும் தொடக்கூடாத நிலமாகவே கணக்கு வைத்திருக்கும்.

துருப்பிடித்தவன்

ஒரு பைட் பூஜ்ஜியம்தானே என்று யாரும் இதை வெறும் நிலைத்தன்மைப் பிழையாக எழுதிவிடக் கூடாது. என்ஜின்எக்ஸின் சொந்த டிஎன்எஸ் பகுதியிலேயே 2021இல் வெளியான பிழையும் ஒரே ஒரு பைட் கூடுதலாக எழுதியதுதான். அதைப் பாதுகாப்புப் பிழையாகவே அறிவித்து 1.20.1 பதிப்பில் திருத்தினார்கள். உங்களுடையதில் டோக்கனின் நீளத்தை வெளியிலிருந்து அனுப்புபவரே தீர்மானிக்கிறார். 64 எழுத்துகளை வரிசையாக அனுப்பினால் உங்கள் வொர்க்கர்களை யார் வேண்டுமானாலும் வீழ்த்திக்கொண்டே இருக்கலாம். ரஸ்ட் பேச்சை எடுக்கவில்லை, கவனியுங்கள்.

அல்சூர்வாசி

அதைச் சோதித்தேன். ஸ்டேஜிங்கில் பதிவு வரி உள்ள சாதாரண பில்டுக்கு 64 எழுத்துப் போலி டோக்கனை ஒரே ஒரு முறை அனுப்பினேன், வொர்க்கர் விழுந்தது. மேலாளரின் மேசைக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் இன்னொரு முறை அனுப்பிக் காட்டினேன். டிக்கெட் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறிவிட்டது.

திருத்தம் ஒரே இடம்தான்: நீளத்துடன் 1 சேர்த்து இடம் எடுத்து, பிரதி செய்த உடனேயே பூஜ்ஜியத்தை எழுதிவிடுகிறோம். அதே மாட்யூலில் இந்த முறையைத் தேடியதில் குக்கீ பெயரைக் கையாளும் இடத்திலும் இதே தவறு இருந்தது. அங்கே நீளம் எப்போதும் 11 என்பதால் இதுவரை வெளியே தெரியவில்லை. வேலிபோட்ட பில்டை இனி ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஸ்டேஜிங்கில் ஓட்டுவதென முடிவாகியிருக்கிறது. 1 முதல் 300 வரை எல்லா நீளங்களிலும் டோக்கன் அனுப்பும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும் சேர்த்திருக்கிறேன்.

பெல்லந்தூர் வாசகி

ஸ்கிரிப்ட்டில் நீளம் 0ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்று டோக்கன் வரும்போது பிரதி செய்யாமல் திரும்பிவிடும் பாதை ஒன்று இருக்கும். அங்கே தணிக்கை நூலகத்துக்கு என்ன போகிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அல்சூர்வாசி

பார்த்தேன், அக்கா. எதையும் சுட்டாத வெற்று முகவரி (நல் பாயிண்டர்) போகிறது. நூலகம் அதைச் சோதிப்பதில்லை. இரண்டாவது டிக்கெட்டைத் திறந்திருக்கிறேன். கோர் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது.